சாட்சிக்கு விட்ட மண்

1

பதினோராயிரத்து நானூற்று எழுபது ரூபாய். எங்கள் செங்கல் சூளையின் கணக்கு நோட்டில் நிமாய் மண்டல் பெயரில் நின்ற கடன் அது. இந்தக் கதை அந்தத் தொகையில்தான் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு எங்கிருந்தோ பிறந்ததாகக் காட்டுவதற்காகக் கங்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "துர்கா பூஜைக்கு முந்தைய அமாவாசை. நண்பகல் வெயிலில் கங்கை ஏறிக்கொண்டிருந்தது." அன்று வெயில் இல்லை. மழை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "நிமாய் கடனுக்குப் பயந்து கல்கத்தாவுக்கு ஓடிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள்." எல்லோரும் சொல்லவில்லை. இரண்டு பேர் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு கை வரவில்லை.

(என் கையைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு எழுத்து வந்தது முப்பத்தெட்டு வயதில். செங்கல் அச்சின் அடியில் "தாரா" என்று சூளையின் பெயர் திருப்பி வெட்டியிருக்கும். அதைத் தடவித் தடவித்தான் முதல் இரண்டு எழுத்தும் வந்தன. ஆகவே எழுத்து பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பிசகினால் பொறுக்க வேண்டாம்.)

2

எங்கள் சூளைக்கு மண் வெட்ட யாரும் வயலுக்குப் போவதில்லை. கங்கையே கொண்டுவந்து போடும். கரையோரம் வரிசையாக நான்கு குளங்கள். மழைக்காலத்தில் ஆறு ஏறும்போது மதகுப் பலகையைத் தூக்கினால் கலங்கல் தண்ணீர் உள்ளே பாயும். பலகையை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மண் அடியில் படியும். மேல் தண்ணீரைப் பலகை பலகையாக வடித்துவிட்டு அடுத்த ஏற்றத்தை உள்ளே விடுவோம். ஏற்றத்துக்கு ஒரு விரல் கனம். நான்கு மாதத்தில் ஆள் உயரம். கார்த்திகையில் அது காய்ந்ததும் வெட்டத் தொடங்குவோம்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்பவன் மதகுக்காரன். எங்கள் மதகுக்காரன் ஹாராதன். அறுபது வயது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு சீசாவில் தண்ணீர் பிடித்து மதகுக் குடிசையின் பலகையில் வைத்துவிட்டு எதிரில் குந்தியிருப்பான். மணல் உடனே விழும், பீடி பற்றவைக்கிற நேரத்தில். அதற்கு மேல் வண்டல், ஒரு உலை கொதிக்கிற நேரத்தில். களி விழாது. தண்ணீரிலேயே தொங்கும். புகையைப் போல, விழ மனமில்லாததைப் போல.

சீசாவில் தண்ணீர் பிடிக்குமுன் அவன் விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பான். கோடையில் கடல் மேலே ஏறி வந்திருக்கும், தண்ணீர் உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரில் களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகி மளமளவென்று இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் குளத்தின் அடி தெரியும். மழைக்காலத்துத் தண்ணீர் இனிப்பு. அதில் களி இரண்டு நாள், மூன்று நாள் தொங்கிக்கொண்டே இருக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த அமாவாசைத் தண்ணீர் இனிப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறக்கவில்லை.

3

இனிக் கதை. ஹாராதனுக்கு அருகிலேயே நின்று சொல்கிறேன்.

மதகைத் திறக்குமுன் மூன்று முறை கூப்பிட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். மதகின் மேல் நின்று ஹாராதன் "குளம்?" என்பான். எதிர்க்கரையில் நிற்பவன் குளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "காலி" என்பான். மறுபடி கேள்வி, மறுபடி பார்வை, மறுபடி பதில். மூன்றாவது "காலி" வந்த பிறகுதான் பலகையில் கை வைக்கலாம். ஏனென்றால் வடித்த குளத்தின் பள்ளங்களில் குரவை மீனும் இறாலும் மாட்டியிருக்கும், யாராவது திருட்டுத்தனமாக வலையோடு இறங்கியிருப்பார்கள். புது வண்டல் தயிர் மாதிரி. ஆடை கட்டி மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் தொடை வரை வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மதகு திறந்தால் ஓடக் கால் வராது.

அன்று மூன்றாம் குளம். மழை. நதி பலகைக்கு மேல் வழியத் தொடங்கியிருந்தது. ஹாராதனுக்கு அவசரம். அவன் இரண்டு முறைதான் கூப்பிட்டான்.* பலகையைத் தூக்கினான். தண்ணீர் பாய்ந்தது.

குளத்தின் தென்கிழக்கு மூலையில், நாணல் மறைவில், இடுப்பில் வலையைக் கட்டிக்கொண்டு நிமாய்

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

* எதிர்க்கரையில் நின்றவன் யார் என்று கேட்பீர்கள். கதைக்கு அவன் தேவையில்லை.

4

அன்று மாலை நிமாய் குடிசைக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் முன்புதான் அவனுக்கும் கணக்கர் தத்தா பாபுவுக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது.

"மழைக்காலக் கூலியில பாதி பிடிச்சா நாங்க என்னத்தத் திங்கிறது பாபு?"

"வாங்கும்போது இனிச்சுதா? ஆறாயிரம் வாங்குன, போன வருஷ பாக்கி ஐயாயிரத்துச் சொச்சம். நீ செத்தாத்தான் கணக்கு தீரும் போலிருக்கு."

"கல்கத்தா போயி வண்டி இழுத்தாலும் உங்க மூஞ்சியில விட்டெறிவேன்."

"போயேன். பொண்டாட்டிய இங்க விட்டுட்டுப் போ, அது போதும்."

இந்தப் பேச்சைச் சூளை முழுக்கக் கேட்டது. அதனால் அவன் ஓடிவிட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஓடியவன் கடன் பெண்டாட்டி தலையில் விழும். வேலையில் செத்தவன் கடன் அடிக்கப்படும். எங்கள் சூளையில் இவை இரண்டும்தான் சட்டம், எங்கும் எழுதிவைக்காத சட்டம்.

அமாவாசை ஏற்றத்தைத் தவறவிடக் கூடாதென்று தத்தா பாபு நெருக்கியதால் மூன்று நாள் குளத்தை வடிக்கவே இல்லை. கலங்கலின் மேல் கலங்கலை விட்டோம். நான்காம் நாள் ஹாராதன் மேல்பலகையை எடுத்தபோது வடிகிற தண்ணீரோடு ஒற்றை ரப்பர் செருப்பு வந்தது. வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. ஹாராதன் இப்படியும் அப்படியும் பார்த்தான். யாரும் இல்லை. செருப்பை எடுத்துச் சீசாப் பலகைக்குப் பின்னால் செருகினான்.

அதற்குப் பிறகு அவன் சீசாவுக்கு எதிரில் குந்துவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

5

நிமாயின் பெண்டாட்டி பாதாசி. முப்பது வயதிருக்கும். அச்சில் மண் அடித்துச் செங்கல் அறுப்பவள், ஒரு நாளைக்கு எண்ணூறு கல். புருஷன் உயிரோடிருக்கிறவள் என்பதற்காக இரண்டு கையிலும் சங்கு வளையல். மண்ணுருண்டையை அவள் அச்சில் ஓங்கி அடிக்கும்போது சங்கு ஒன்றோடொன்று மோதி டக்கென்று கேட்கும். எண்ணூறு முறை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் (ஹாராதனின் என்று எழுத வந்தேன்) முதுகெலும்பில் ஈரம் இறங்கும்.

ஒருநாள் பொரியில் கடுகெண்ணெய் பிசைந்துகொண்டே ஹாராதன் மெதுவாகத் தூண்டில் போட்டுப் பார்த்தான்.

"பாதாசி, ஒருவேள அவனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா தத்தா பாபு கணக்க அடிச்சுடுவாரும்மா. உனக்குப் பாரம் கொறையும்."

அவள் அச்சைக் கீழே வைத்தாள்.

"யாரு கொறைக்கச் சொன்னா? பதினோராயிரத்து நானூத்தி எழுபது. நான் அறுத்துக் கட்டுறேன். அந்தக் கடன் நோட்டுல நிக்கிற வரைக்கும் எம் புருஷன் எங்கியோ ஓடிக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். அத அடிக்க எவனாச்சும் வந்தா அவன் கையை வெட்டுவேன். நீயா இருந்தாலும் சரி சித்தப்பா."

பிறகு சிரித்தாள். "பொரி நமுத்துப் போச்சு, சீக்கிரம் தின்னு."

ஒரு கடனுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவள் அந்தத் தொகையைச் சொல்லும்போது புருஷன் பெயரைச் சொல்வது மாதிரியே சொல்வாள்.

6

கார்த்திகையில் குளங்கள் காய்ந்தன. மூன்றாம் குளத்தில் வெட்டு தொடங்கியது.

வண்டலை வெட்டிய சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஏற்றமும் தனித்தனியாகத் தெரியும். முதலில் விழுந்த மணல் வெளுத்த கோடாக அடியில், பிறகு வந்த களி கருத்து மேலே. அதற்கு மேல் அடுத்த மணல் கோடு. மண்வெட்டி வைத்தால் அந்தக் கோட்டில்தான் பிரியும். சாதாரண ஏற்றம் ஒரு விரல் கனம். அந்த அமாவாசைப் படிவு மட்டும் நான்கு விரல், வடிக்காமல் மேலே மேலே விட்டதால். தூரத்திலிருந்தே தெரியும்.

மேலிருந்து எண்ணினால் முப்பத்தொன்றாவது. ஹாராதன் சுவரில் நகத்தால் கீறிக் கீறி எண்ணினான். மாலைதோறும் வேலை முடிந்ததும் வந்து நின்று வெட்டுகிறவர்களைக் கேட்பான்.

"இன்னிக்கி எத்தன?"

"அஞ்சு போச்சு."

"அப்ப இருவத்தாறு."

மறுநாள் இருபத்திரண்டு. அதற்கு மறுநாள் பதினேழு. ஜுரக்காரனின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போலச் சுவரைப் பிடித்துப் பார்த்தான்.

வெட்டிய மண்ணைத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோனவர்களில் பாதாசியும் ஒருத்தி. பதினொன்று மீதி இருந்த நாளில் கூடையை இறக்கிவிட்டு, விரலால் ஒரு துண்டு மண்ணைப் பிசைந்து முகர்ந்தாள்.

"மூணாங் குளத்து மண்ணு இந்த வருஷம் வெண்ணெ மாதிரி இருக்கு. கல்லு ஒண்ணுகூட வெடிக்கல. என்னத்தப் போட்ட சித்தப்பா இதுல?"

ஹாராதன் அவள் கூடையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கரையேறிப் போனான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்துக்காரன் ஹாராதனைத் தத்தா பாபுவிடம் நடத்திக் கொண்டுபோயிருப்பான். "பாபு, தப்பு நடந்துபோச்சு. நான் ரெண்டு தடவதான் கூப்பிட்டேன்" என்று சொல்ல வைத்திருப்பான். நானும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கிழவன் அழுகிறான், கேட்கிறவர்களும் அழுகிறார்கள். வாசித்துப் பார்த்தேன். நள்ளிரவில் வீட்டுக்குள் வேறு யாரோ மூச்சு விடுவது போல இருந்தது.

7

திருத்தம்.

ஹாராதன் மூன்று முறை கூப்பிட்டான்.

மேலே மூன்றாம் பகுதியில் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். அழிக்கவில்லை, அங்கேயே கிடக்கட்டும். அவன் மழையில் நனைந்துகொண்டு, தொண்டை கிழிய, மூன்று முறையும் "குளம்?" என்றான். மூன்று முறையும் எதிர்க்கரையிலிருந்து "காலி" வந்தது. எதிர்க்கரையில் நின்றவன் அன்று கரையில் நிற்கவில்லை. பத்து அடி தள்ளி ஓலைச் சாய்ப்புக்குள் குந்தி, நமுத்த தீக்குச்சியோடு மல்லாடிக்கொண்டிருந்தான். அங்கிருந்து குளம் தெரியாது. பீடியை வாயிலிருந்து எடுக்காமலே மூன்று முறை "காலி" என்றான். நான்கு வருஷமாகச் சொல்கிற வார்த்தை, தானாகவே வந்துவிட்டது.

கதைக்கு அவன் தேவையில்லை என்று சொன்னேன். அவன் பெயர் பாஞ்சு. எழுதுகிறவன்.

செருப்பு கிடைத்த அன்று ஹாராதன் அதை ஒளித்துவைத்ததாக எழுதினேன். முதலில் அதை என்னிடம்தான் கொண்டுவந்தான்.

"பாஞ்சு, காலின்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"பாத்துட்டுத்தான சொன்ன?"

"பின்ன? கண்ண மூடிக்கிட்டா சொல்லுவாங்க?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சீசாவைப் பார்க்கிற அதே பார்வை. அவசரப்படாத பார்வை.

"சரி" என்றான். "அப்ப எனக்குத்தான் காது கேக்கலபோல."

இரண்டு மாதம் அந்தப் பழியை அவன் சுமந்தான். நான் சுமக்க விட்டேன். கதையிலும் அவனையே சுமக்க வைக்கப் பார்த்தேன்.

8

நான்கு படிவு மீதி இருந்தபோது தத்தா பாபுவிடம் போய், தென்கிழக்கு மூலையை நானும் ஹாராதன் அண்ணனும் வெட்டுகிறோம் என்றேன்.

"நாணல் வேர் கெடக்கிற மூலையில உனக்கென்ன ஆசை? அங்க வெட்டுனா கூலி கட்டாதே."

"மத்தவங்க வெட்ட மாட்டேங்கறாங்க பாபு."

"என்னமோ செய்."

காலையில் இறங்கினோம். பனி விலகவில்லை. மற்றவர்கள் எதிர் மூலையில் இருந்தார்கள், குரல் மட்டும் கேட்டது. மேலே பாதாசியின் வளையல் டக், டக்கென்றது. ஒரு படிவு போனது. இரண்டாவது. மூன்றாவது. வெளுத்த கோடு தெரிந்தது. அதற்கும் கீழே நான்கு விரல் கனத்தில் அந்தக் கறுப்பு. என் மண்வெட்டி அதில் இறங்கி ஒரு

என் மண்வெட்டி அதில்

மண்வெட்டி ஒரு தகரத்தில் பட்டது. இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிவிட்டேன். தகரம் என்றால் புகையிலை டப்பா. மூடியில் சுண்ணாம்புக்கு ஒரு சின்னக் குழி. திறந்து பார்த்தேன், உள்ளே மண் புகவில்லை. புகையிலை காய்ந்தே இருந்தது. அந்த டப்பாவிலிருந்து நானே எத்தனையோ முறை ஒரு சிட்டிகை வாங்கியிருக்கிறேன்.

டப்பா கிடந்த இடத்துக்குக் கீழே வலையின் நூல் தெரிந்தது. ஹாராதன் என் மண்வெட்டிக் கணையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்."

"அண்ணே, நான் அன்னிக்கிப் பாக்கல."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. கரையில நின்னு கத்துற கொரலுக்கும் கூரைக்கடியிலேந்து வர்ற கொரலுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிஞ்சும் பலகையத் தூக்குனேன் பாரு, அதான்." பனிக்குள் எச்சிலைத் துப்பினான். "மூடு."

மண் வெட்டுகிறவர்கள் எங்கும் செய்கிற வேலை ஒன்று உண்டு. குளத்தின் நடுவில் ஒரு தூண் அளவு மண்ணை வெட்டாமல் விடுவோம். எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறோம் என்று கணக்கர் அந்தத் தூணை அளந்துதான் கூலி போடுவார். அதற்குச் சாட்சி என்று பெயர். அளந்து முடித்ததும் சாட்சியையும் வெட்டிவிடுவோம்.

அந்த வருஷம் சாட்சியை மூலையில் விட்டோம். இரண்டு முழ அகலம், ஆள் நீளம். வெட்டியெடுத்த மண் முழுவதையும் அதன் தலையிலேயே திரும்பப் போட்டு மிதித்தோம்.

"மூலையில யாருடா சாட்சி விடுவா?" என்றார் தத்தா பாபு.

"வெட்டுனா கரை சரியும் பாபு" என்றான் ஹாராதன்.

"அந்த மண்ணுக்குக் கூலி கெடையாது."

"வேணாம்."

அது இன்னும் நிற்கிறது. அடுத்த மழைக்கு மதகு திறந்ததும் அதைச் சுற்றி மறுபடி வண்டல் ஏறும்.

(இந்தக் கதையிலும் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு ஆழம் என்று அதை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.)

9

அதற்கு அடுத்த வாரம் வரும் வருஷத்துக்கான முன்பணமாகப் பன்னிரண்டாயிரம் வாங்கினேன். பதினோராயிரத்து நானூற்று எழுபதை எண்ணி அதே மேசையிலேயே திரும்ப வைத்தேன்.

தத்தா பாபு மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நிமாய் கணக்குலயா? என்ன பாஞ்சு, ஓடிப்போனவன் குடிசையில குடியேறப் போறியா?"

அவர் சிவப்பு மையைத் தொட்டுக் கோடு இழுத்தார். கீழே ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வந்தது. அச்சில் படித்தவனுக்குத் திருப்பி வாசிப்பது கஷ்டமில்லை.

பாதாசியிடம் சொன்னேன், கடன் கட்டியாகிவிட்டது என்று. அவள் கையில் அச்சு அப்படியே நின்றது.

"அவரு அனுப்புனாரா?"

இங்கே மூன்று முடிவுகளை எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் நான் ஆமாம் என்கிறேன், அவள் அன்று தொள்ளாயிரம் கல் அறுக்கிறாள். இன்னொன்றில் அவளைக் கையைப் பிடித்து மூலைக்கு அழைத்துப் போகிறேன், வளையலை உடைக்கக் கல்லைத் தேட வேண்டியதில்லை, சூளையில்தான் எங்கும் கல். மூன்றாவதில் நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே வானத்தைப் பார்த்து, "கல்கத்தாவுல நல்லாத்தான் இருக்காரு போல" என்கிறாள்.

மூன்றாவதுதான் நடந்தது. மூன்றிலும் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

10

வைகாசியில் சூளை அணையும். அப்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நோட்டைத் திருப்பிக் காட்டி, கைநாட்டு வாங்குவார்கள். நாளைக் காலை பாதாசியின் முறை.

இரண்டு மாதம் முன்பு அவள் அச்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லிக் குடு பாஞ்சு அண்ணே. இந்தத் தடவ கைநாட்டு வைக்க மாட்டேன். எம் புருஷன் கட்டுன கணக்க நானே படிச்சுட்டுத்தான் வருவேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லிக்கொடுத்தேன். எனக்கு இரண்டு வருஷம் ஆனதை அவள் இரண்டே மாதத்தில் பிடித்துவிட்டாள். பத்து லட்சம் கல்லில் கை பட்டவள், எழுத்தின் வளைவுகள் அவள் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தன. என் பெயரின் நடு எழுத்தை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவந்தேன். நேற்று அதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இதப் போயி ஏன் ஒளிச்சு வெச்ச?" என்று சிரித்தாள்.

ஹாராதன் மதகுக் குடிசையில் படுத்திருக்கிறான். அந்தச் செருப்பைக் கேட்டேன், எடுத்துக்கொடுத்தான். டப்பாவும் செருப்பும் இப்போது என் துண்டு முடிச்சில் இருக்கின்றன. நாளை அவளுக்கு அடுத்ததாக வரிசையில் நிற்பேன். நின்றுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். விடியும் முன்பே கிளம்பும் படகு ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் இல்லாவிட்டால் வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பது நீங்கள். உங்களுக்கு வாசிக்க வரும். மூலையில் சாட்சி ஏன் நிற்கிறது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும். எழுத்து எங்காவது தட்டினால் அவள் உங்கள் பக்கம்தான் திரும்புவாள். யாரு கட்டுனது, ஏன் கட்டுனான் என்று உங்களைத்தான் கேட்பாள்.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:

நிமாய் மண்டல். பாக்கி, பதினோராயிரத்து நானூற்று எழுபது. குறுக்கே சிவப்புக் கோடு. கடன் தீர்ந்தது. கட்டியவன், பாஞ்சு.